பார்சல் வேறு, சீர் வேறு

வீட்டிலிருந்தே ஆன்லைனில் வியாபாரம் செய்யக் கிளம்பியிருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எதை விக்கலாம்?" என்பதுதான். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஏதாவது ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே பேஜ் ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் சொல்ல மாட்டேன். பெயர் பெயராகச் சொல்லி என் புத்தியை நாலு பேர் கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

இப்போது நான் சும்மா இருக்கிறேன். பேஜ், போன் நம்பர், வாடிக்கையாளர்கள், மாடி அறை நிறைய லேஸும் ஜரிகையும், எல்லாவற்றையும் என் கூட்டாளி செல்வியிடம் ஒப்படைத்தாயிற்று. வேலையில்லாதவள் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதும் வீடியோ போடுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எதை எடுப்பது, எதை விடுவது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதையும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் அடி நைட்டி.

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் நைட்டி விற்றாள், நன்றாக ஓடியது. சரி, நாமும் செய்வோம் என்று ஈரோட்டிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்தேன். மூட்டை என் வீட்டுக்காரரின் கட்டிலில் ஏறியது, அவர் ஹாலுக்கு இறங்கினார். வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் படம் போட்டேன். மளமளவென்று பதில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. எடுத்துப் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே கேள்வி: "அக்கா, ஹோல்சேல் ரேட் என்ன?"

அப்புறம்தான் விசாரித்தேன். அந்தக் குரூப்பில் இருந்தவர்கள் எல்லோரும் விற்கிறவர்கள். வாங்குகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஒருவருக்கொருவர் நைட்டி காட்டிக்கொண்டு பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த மூட்டையைச் சொந்தக்காரப் பெண்களுக்கே பிரித்துக் கொடுத்தேன். அந்த வருஷம் குலதெய்வக் கோயிலில் போய்த் தங்கியபோது எங்கள் வகையறாப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பூப்போட்ட நைட்டியில் காப்பி குடித்தார்கள். என் வீட்டுக்காரர் இன்றுவரை அந்தப் போட்டோவை எல்லோருக்கும் காட்டிச் சிரிக்கிறார்.

அடுத்தது பலாப்பழம். உங்கள் ஊரில் எது பேர்போனதோ அதை விற்றுப் பாருங்கள் என்று யாரோ ஒரு தம்பி வீடியோவில் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் பலா பேர்போனது. ஒரு பழத்தை எடுத்து, சாக்கு சுற்றி, கயிறு கட்டி, சென்னையில் ஒரு அம்மாவுக்கு ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பஸ் டிரைவர் போன் செய்தார்.

"யம்மா, பழம் வெடிச்சிருச்சு."

"ஐயையோ, அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாசனை தாங்க முடியல. பஸ்ல இருந்தவுக எல்லாம் ஆளுக்கு ரெண்டு சுளை சாப்பிட்டாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

பாராட்டு கிடைத்த ஒரே ஆர்டர் அதுதான். ஊருக்குப் பேர் வாங்கித் தருகிற பொருள் எல்லாம் நம் வீட்டு அடுப்பை எரியவைக்காது என்று அன்றைக்குப் புரிந்தது. பலா நல்ல பொருள்தான். ஆனால் அது வெடிக்கிற நேரம் எப்போது என்று தெரிந்தவர்கள் விற்க வேண்டிய பொருள். எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நமக்கு ஆசை இல்லாத விஷயத்தில் போய்க் கையை வைக்காதீர்கள்.

இரண்டு அடி வாங்கியபின் புத்தி வந்து, புதுக்கோட்டையில் ஒரு ஹாலில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனேன். டை கட்டிய ஒரு பையன் வந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை 'நிச்', 'நிச்' என்றே பேசினான். எல்லோருக்கும் எல்லாவற்றையும் விற்காதே, ஒரு சிறு கூட்டத்துக்கு அவர்களுக்கு மட்டுமே வேண்டிய ஒன்றை விற்றுப் பார், அதுதான் நிச் என்றான். நல்ல விஷயம்தான். வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம், "எல்லாம் சரி, நமக்குத்தான் இன்னும் ஒரு நிச் அமைய மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் செல்வியின் தலை வந்தது.

"யாருக்குக்கா நிச்சயம் அமையல? நம்ம தம்பிக்கா? பொண்ணு பாக்குறதச் சொல்லவே இல்ல பாருங்க! எங்கிட்டு இருந்து வருது பொண்ணு? தட்டெல்லாம் நான் ஜோடிச்சுத் தாரேன், நீங்க கவலைப்படாதீங்க."

என் மகனுக்கு அப்போது கல்லூரிகூட முடியவில்லை. நிச்சயம் இல்லை செல்வி, நிச் என்று விளக்குவதற்குள் அவள் போனை எடுத்து, தன் நாத்தனார் கல்யாணத்துக்குத் தான் ஜோடித்த சீர்த்தட்டுப் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பார்த்தேன், அசந்துபோனேன். வளையலில் மயில், மஞ்சள் கிழங்கில் மாட்டு வண்டி, லட்டு அடுக்கிய கோபுரம். இதை ஏன் விற்கக்கூடாது என்று கேட்டேன். "இதையெல்லாம் யாருக்கா காசு குடுத்து வாங்குவா? வீட்டுக்கு வீடு ஒரு அத்தை இருக்கா ஜோடிக்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. உள்ளூரில் ஒருவரும் வாங்கவில்லை. வாங்கினவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தவர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். தங்கை வீட்டுக் காதுகுத்துக்கும், அக்கா மகள் சடங்குக்கும் தாய்மாமன் சீர் செய்தாக வேண்டும். ஆள் அங்கே, விசேஷம் இங்கே. வீட்டுக்கு வீடு அத்தை இருக்கிறாள், மாமன்தான் இல்லை. இதுதான் நம் நிச் என்று அன்றைக்குத் துள்ளிக் குதித்தேன். பேஜில் பெரிய எழுத்தில் போட்டோம்: 'நீங்கள் வர முடியாவிட்டாலும் உங்கள் சீர் வரும்.' அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். எனக்கே என் மூளையின் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

அப்படி வந்தவர்தான் முருகேசன். நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிராமம் சொந்த ஊர், சிங்கப்பூரில் கட்டட வேலை. அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தது ஒரே தங்கை, கவிதா. அவளைக் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கவிதாவின் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள்.

"அக்கா, எனக்கு லீவு கெடைக்கல. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான். அவ மாமியா வீட்டு முன்னாடி எந்தங்கச்சி தலைகுனியக் கூடாதுக்கா. ஊரே பாக்குற மாதிரிச் செஞ்சுருங்க" என்றார்.

செல்வி உயிரைக் கொடுத்து ஜோடித்தாள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, பழம், பலகாரம், பொம்மைகள் என்று வரிசையாகத் தட்டுகள். குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று பேசி ஏற்றி அனுப்பினோம். சீர் இறங்குவதை வீடியோ எடுத்து முருகேசனுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், நானும் செல்வியும் பின்னாலேயே பஸ்ஸில் போனோம்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் பிள்ளையார் கோயில். பஸ்ஸை விட்டு இறங்கினால், கோயில் மரத்தடியில் எங்கள் குட்டியானை நிற்கிறது. ஏற்றிவிட்ட தட்டுகள் ஏற்றியபடியே இருக்கின்றன. டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பார்சல வேணாம்னுட்டாங்க" என்றார்.

நடந்தது இதுதான். அவர் நேராகப் பந்தல் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறார். "இங்க கவிதாங்கிறது யாருங்க? பார்சல் வந்திருக்கு. எறக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பிரிட்ஜும் பீரோவும் ஏற்றி இறக்குகிறவர். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்த பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். "மாமன் சீரு பார்சல்ல வருதாம்டி" என்று ஒரு குரல். கவிதா எழுந்து வந்து, "எங்கண்ணன் எனக்குப் பார்சல் அனுப்ப மாட்டாரு. இது வேற யாருக்கோ வந்தது, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் போன் அடித்தது. வீடியோ பார்க்கக் காத்திருந்த முருகேசன்.

"எடுக்காதீங்கக்கா" என்றாள் செல்வி. "பேசாம உள்ள போயி, எறக்கி வச்சுட்டு, நாலு போட்டோ எடுத்து அனுப்பிருவோம். அவுக குடும்பச் சண்டை நமக்கு எதுக்கு?"

அப்படியும் செய்திருக்கலாம். சொன்ன பொருளைச் சொன்ன இடத்தில் சேர்த்துவிட்டால் நம் வேலை முடிந்தது. ஆனால் அந்த மனிதர் எங்களிடம் கேட்டது தட்டு இல்லை. தங்கை தலைகுனியக் கூடாது என்றுதான் கேட்டார். அவள் எங்களால்தான் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். போனை எடுத்து, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. "தம்பி, ஒங்க ஊர்ப் பொண்ணுங்க யாராச்சும் இந்த ஊர்ல வாக்கப்பட்டிருக்காங்களா?"

அவர் யோசித்து, "ராசாத்தி அக்கான்னு ஒருத்தவங்க... எங்க தெருதான்" என்றார்.

ராசாத்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, டீக்கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டது. "எங்க ஊருச் சீரத் திருப்பி அனுப்புறதா? இருங்க வாரேன்" என்று பட்டுப்புடவைக்குப் போனது. போகிற போக்கிலேயே போனில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டது. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இத்தனை பேரா என்று நானே திகைத்துப்போனேன். ஒரு டீச்சர், ஒரு தையல்காரி, பால் சொசைட்டிக்குப் போகிற ஒருத்தி, புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு சின்னப்பெண். எல்லோரும் தலையில் பூவோடு பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்றால் முருகேசன் எல்லோருக்கும் அண்ணன் தம்பி முறைதான். அவர் சீரைத் தூக்க அவர்களைவிட உரிமைக்காரர்கள் வேறு யார்?

செல்வி பெட்டிக்கடையில் மிச்சம் கிடந்த சரவெடியை வாங்கிவந்து கொளுத்தினாள். விசேஷ வீட்டாரிடம் கேட்காமலே பந்தலில் இருந்த மேளக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது ராசாத்தி. வெடிச்சத்தத்தையும் மேளத்தையும் கேட்டுப் பந்தலே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் நடந்த ராசாத்தியின் வெற்றிலைத் தட்டில், வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்த என் போனில், வீடியோ காலில் முருகேசனின் முகம்.

கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ராசாத்தியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு ஆரத்தி எடுக்கச் சொல்லி, தட்டுகளைத் தானே கையில் வாங்கினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. செல்வி என் காதில், "சூப்பரா வந்திருக்குக்கா வீடியோ, பேஜ்ல போட்டா அள்ளிரும்" என்றாள்.

ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். பாப்பாவைக் கூட்டி வாங்க என்றார். மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மடி?

யாரோ ஒரு பெரியவர், "மாமனுக்குப் பங்காளி முறையில ஒருத்தன் ஒக்காரட்டும்" என்றார். இன்னொருவர், "போன மடியில வச்சுக்கிட்டா ஆச்சு, இப்பெல்லாம் அதான்" என்று சிரித்தார். கவிதா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, சீரு வந்துருச்சு. மடி வரலையே."

"லீவு கெடைக்கலம்மா..."

"கேட்டீங்களா?"

போனில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே, லீவு கேட்டீங்களா, இல்லையா?"

"கேக்கலம்மா. வந்துட்டுப் போற காசுக்கு ஒனக்கு நெறைவாச் செஞ்சுரலாம்னு நெனைச்சேன். நீ மாமியா வீட்ல..."

"லீவு கெடைக்கலைன்னு எனக்குக் காது குத்துறீங்களாண்ணே? குத்த வேண்டிய காது இங்கிட்டு இருக்கு."

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசாரியிடம் திரும்பி, "எந்திரிங்க ஆசாரி, சாப்பிட்டுப் போங்க. எங்கண்ணன் வரும்போது சொல்லிவிடுறேன், அப்ப குத்திக்கலாம்" என்றாள். மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் கவிதாவின் வீட்டுக்காரர், தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரி, பந்தியப் போடுங்கப்பா" என்றார். காது குத்தாத காதுகுத்து விருந்தில் நானும் செல்வியும் வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பாடு அருமை.

திரும்பிவரும் பஸ்ஸில் செல்வி, "இந்த வீடியோவப் போட முடியாதுல்லக்கா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேஜில் இருந்த அந்தப் பெரிய எழுத்து வரியை எடுத்தேன். கெட்டிக்காரத்தனமான வரிதான். ஆனால் வரக்கூடிய மனிதர்களையும் வராமல் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுதிய ஒரு வரி அத்தனை தூரம் போகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதன்பிறகு ஆர்டர் என்று யார் பேசினாலும் முதலில், "நீங்க வாரீங்களா தம்பி?" என்று கேட்போம். டிக்கெட்டா சீரா என்று திண்டாடுகிறவர்களிடம் டிக்கெட்டைப் போடுங்கள், தட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்போம். "கடைக்காரங்க பேசுற பேச்சாக்கா இது?" என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார், என்னை அக்கா என்று கூப்பிட்டு. சில ஆர்டர்கள் போயின. நிஜமாகவே வர முடியாதவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய ஊர்ப் பெண்களைத் தேடிப் பிடித்து, கோயிலில் கூட்டிச் சேர்த்து, மேளத்தோடு சீரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை என்றாயிற்று. தட்டு ஜோடிப்பது இரண்டாவது வேலை. எங்கள் தட்டைப் பார்த்து அதேபோல ஜோடிக்கப் பத்துப் பேர் வந்தார்கள். விசேஷம் நடக்கிற ஊரில் யார் வீட்டில் எந்த ஊர்ப் பெண் வாழ்கிறாள் என்று தேடிப் போக ஒருவரும் வரவில்லை.

நிச் என்று நீங்கள் தேடுகிறீர்களே, அது வீடியோவில் கிடைக்காது. உங்கள் பொருளை ஒருவர் வேண்டாம் என்று வாசலில் திருப்பி அனுப்பும்போது, கோபப்படாமல் நின்று, அவருக்கு என்னதான் வேண்டும் என்று கேளுங்கள். ரோஷம் வரும், வரட்டும். கேளுங்கள்.

தள்ளிவைத்த காதுகுத்துக்குக் கவிதா மறக்காமல் எங்களையும் கூப்பிட்டாள். இந்த முறை பந்தல் இல்லை, வீட்டு ஆட்கள் மட்டும். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து இறங்கினார் முருகேசன். போனில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார், முதுகில் ஒரு பை மட்டும். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"சீரு ஒண்ணும் கொண்டாரலம்மா. லீவு குடுத்ததும் ஓடியாந்துட்டேன். கடைக்குக்கூடப் போகல" என்றார்.

"சீரெல்லாம் அன்னைக்கே எறக்கியாச்சு. நீங்க ஒக்காருங்கண்ணே" என்று சொல்லி, கவிதா குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். பாப்பா அழுவதற்கு முன்னால் முருகேசன் அழ ஆரம்பித்துவிட்டார்.